டார்க் சாக்லேட் சிரப்: பாட்டிலுக்குள் எவ்வளவு கொக்கோ?

டார்க் சாக்லேட் சிரப்பில் இருப்பவை மூன்றே பொருள்கள்: சர்க்கரை, தண்ணீர், கொக்கோ பவுடர். உப்பும் வெனிலாவும் சுவையைத் தூக்கிக் கொடுக்க மட்டும். சர்க்கரை இனிப்பையும் பாகின் வழுவழுப்பையும் தருகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் ஊற்ற முடியாது. மற்றபடி நிறம், மணம், கசப்பு, சத்து எல்லாமே கொக்கோவிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே ஒரு சிரப் நல்லதா, சுமாரா என்று தெரிய வேண்டுமானால், சர்க்கரைக்கு எத்தனை பங்கு கொக்கோ போட்டிருக்கிறார்கள், அது எந்த வகைக் கொக்கோ என்ற இரண்டையும் பார்த்தால் போதும். கறுப்பாக இருக்கிறதே என்று வாங்கினால் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம்.

சிரப்பையும் சாக்லேட் சாஸையும் கனாஷையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சிரப்பில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஊற்றுகிற பதத்திலேயே இருக்கும், குளிர்ந்த பாலிலும் கலக்கும். சாஸில் வெண்ணெய், கிரீம் அல்லது உருக்கிய சாக்லேட் சேரும், குளிர்ந்தால் கெட்டிப்படும். கனாஷ் என்பது சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்தது. கேக் மேல் பூசவும் உள்ளே நிரப்பவும் ஆகும். செய்முறை படிக்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

கொக்கோ இரண்டு வகை

கொக்கோ விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கினால் கிடைக்கும் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அதற்குக் கொக்கோ வெண்ணெய் என்று பெயர். பருப்பை அரைத்து, அந்தக் கொழுப்பின் பெரும்பகுதியை அழுத்திப் பிழிந்தெடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கொக்கோ பவுடர். இப்படிப் பிழியும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828-இல் காப்புரிமை பெற்றது. பொடியைக் காரப்பொருளால் (புளிப்பை முறிக்கும் அல்கலி) பக்குவப்படுத்தி, புளிப்பைக் குறைத்து, பாலிலும் தண்ணீரிலும் சுலபமாகக் கலக்கும்படி செய்ததும் அதே குடும்பம்தான். இன்றும் அந்த முறைக்கு டச்சு முறை என்றுதான் பெயர்.

இப்படித்தான் கடையில் இரண்டு வகைக் கொக்கோ வந்து சேர்ந்தது. இயற்கைக் கொக்கோ இளம்பழுப்பாக, லேசான புளிப்போடு, பழவாசனை கலந்து இருக்கும். டச்சு முறைக் கொக்கோ கருஞ்சிவப்பாகவோ நல்ல கறுப்பாகவோ இருக்கும். சுவை மென்மையாக, ஆழமாக இருக்கும். டார்க் சிரப்பின் கவர்ச்சியான கருநிறம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையால் வருவது.

சத்துக் கணக்கு புரளுவதும் இங்கேதான். கொக்கோவைப் பற்றி உடல்நலப் பக்கங்களில் எழுதப்படும் நல்லதில் பெரும்பங்கு ஃபிளேவனால் என்ற தாவரச் சேர்மங்களைப் பற்றியது. டச்சு முறையில் காரப்பொருள் ஏற ஏற அவை அழிகின்றன. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் இயற்கைக் கொக்கோ ஒரு கிராமில் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளேவனால் இருந்தது. லேசாகக் காரமேற்றியதில் 13.8, நடுத்தரமாக ஏற்றியதில் 7.8, அதிகம் ஏற்றியதில் 3.9 மில்லிகிராம். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். நிறம் கறுத்துக்கொண்டே போக, சத்து இறங்கிக்கொண்டே போகிறது. கருநிறத்தைச் சத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு பரிமாறலில் என்ன இருக்கிறது

கடையில் கிடைக்கும் சாதாரண சாக்லேட் சிரப் 100 கிராமில் சுமார் 280 கலோரி இருக்கும். சர்க்கரை 50 கிராம், நார்ச்சத்து இரண்டரை கிராம், கொழுப்பு ஒரு கிராம் சொச்சம். நாம் ஒரு தடவை ஊற்றிக்கொள்ளும் 2 டேபிள்ஸ்பூன் ஏறக்குறைய 39 கிராம். அதில் 110 கலோரியும் 19–20 கிராம் சர்க்கரையும் வந்துவிடுகின்றன. பெரியவர்கள் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் சேர்க்கைச் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2000 கலோரி உணவுக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். காலையில் காபிக்கும் மாலையில் டீக்கும் சர்க்கரை போடும் வீட்டில், சிரப்பின் 20 கிராம் சின்னக் கணக்கல்ல.

வீட்டிலேயே 200 கிராம் சர்க்கரைக்கு 75 கிராம் கொக்கோ போட்டுச் செய்தால் (முறை கீழே) 2 டேபிள்ஸ்பூனில் சுமார் 85 கலோரி, 18 கிராம் சர்க்கரை, ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவான கொக்கோ இருக்கும். அந்தக் கொக்கோவிலிருந்து 2 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான இரும்பு, 33 மில்லிகிராம் மக்னீசியம் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியப் பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம். அதோடு, கொக்கோவிலுள்ள பாலிஃபீனால்கள் (ஃபிளேவனாலும் இவற்றில் ஒரு வகை) தாவர உணவின் இரும்பைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கவும் செய்யும். எனவே இரத்தசோகைக்குச் சாக்லேட் சிரப் நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஃபிளேவனாலுக்கு வருவோம். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனால் இரத்தக் குழாய்களின் நெகிழ்வைப் பேண உதவுகிறது என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த காஸ்மாஸ் ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் ஃபிளேவனால் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதயநோய் நிகழ்வுகள் நம்பத்தகுந்த அளவில் குறையவில்லை. இதயநோயால் நேரும் இறப்பு மட்டும் குறைந்தது. அவர்கள் கொடுத்தது மாத்திரை என்பதைக் கவனிக்க வேண்டும், சர்க்கரைப் பாகு அல்ல. நல்ல இயற்கைக் கொக்கோவில் செய்த சிரப்பில் காகிதக் கணக்குப்படி 2 டேபிள்ஸ்பூனுக்கு 200 மில்லிகிராமை எட்டலாம். கூடவே 18 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். மருந்தாக நினைத்து ஊற்றிக்கொள்வதற்கு இதில் நியாயமில்லை. எப்படியும் இனிப்பு சாப்பிடப் போகிறோம், அதில் கொக்கோ கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தால் நியாயம் உண்டு.

கஃபீன் 2 டேபிள்ஸ்பூனில் சுமார் 15 மில்லிகிராம்தான், ஒரு டம்ளர் காபியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் தியோபுரோமின் என்ற அதன் உறவுப் பொருள் 140 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. இரவு தூங்கப்போகும் குழந்தைக்குச் சாக்லேட் பால் கொடுப்பதைவிட மாலையில் கொடுப்பது நல்லது. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் கொக்கோவின் அளவைக் குறைக்க வேண்டும். அதில் ஆக்சலேட் அதிகம். சர்க்கரை நோயாளிகள் இந்த 18 கிராமை அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். வீட்டில் நாய் இருந்தால் சிரப் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். நாயின் உடல் தியோபுரோமினை மெதுவாகத்தான் வெளியேற்றும். உடல் எடை கிலோவுக்கு 20 மில்லிகிராமிலேயே வாந்தி, பேதி, படபடப்பு தொடங்கலாம். அதாவது 7 கிலோ எடையுள்ள சின்ன நாய்க்கு மேலே சொன்ன 2 டேபிள்ஸ்பூனே அந்த எல்லை.

லேபிளைப் படிக்கும் விதம்

எடையில் அதிகமாக உள்ள பொருளைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். சர்க்கரை, தண்ணீர், திரவ குளுக்கோஸ் எல்லாம் முடிந்தபின் கொக்கோ வந்தால் பரவாயில்லை, சிரப்பின் இயல்பே அது. கொக்கோவுக்கு அருகில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லையென்றால் நார்ச்சத்து வரிக்குப் போகலாம். கொக்கோ பவுடரில் மூன்றில் ஒரு பங்கு நார்ச்சத்து. எனவே 100 கிராமுக்கு எழுதியிருக்கும் நார்ச்சத்தை மூன்றால் பெருக்கினால் கொக்கோவின் அளவு தோராயமாகக் கிடைக்கும். நார்ச்சத்து 2.5 கிராம் என்றால் கொக்கோ ஏழெட்டு கிராம். இனுலின் போன்ற நார்ப்பொருளைத் தனியாகச் சேர்த்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

ஐஎன்எஸ் என்பது உணவுச் சேர்பொருள்களுக்கான சர்வதேச எண். ஐஎன்எஸ் 415 என்றால் சாந்தன் பசை, கொக்கோ அடியில் படியாமல் தாங்கிப் பிடிப்பதற்கு. ஐஎன்எஸ் 202, 211 பூசணம் வராமல் காக்கும் பொருள்கள். இவை அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்க்கப்படுபவை, பயப்பட ஒன்றுமில்லை. கொக்கோ இரண்டு சதவீதமும் சாக்லேட் ஃபிளேவரும் நிறமியும் சேர்ந்திருக்கும் பாட்டிலின் முகப்பில் டார்க் என்று எழுதியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

சர்க்கரை 200 கிராம், இனிப்பில்லாத கொக்கோ பவுடர் 75 கிராம், தண்ணீர் 240 மி.லி., உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். கொக்கோவைக் கப்பால் அளந்தால் அமுக்கி நிரப்புவதைப் பொறுத்து பத்து கிராம் வரை முன்பின் ஆகும். தராசு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பாத்திரம் குறைந்தது ஒன்றரை லிட்டர் பிடிக்கிறதாக, அடி கனமாக இருக்கட்டும். கொக்கோப் பாகு பால் போலப் பொங்கும்.

காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சர்க்கரை, கொக்கோ, உப்பு மூன்றையும் உலர்ந்தபடியே அதில் போட்டு விஸ்க்கால் நன்றாகக் கலக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகத் தண்ணீரில் கொக்கோவைக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். பொடியில் இருக்கும் கொழுப்பு தண்ணீரை ஒட்டவிடாது. கட்டியின் வெளிப்புறம் நனைந்து உள்ளே உலர்ந்தே கிடக்கும். சர்க்கரைப் பரல்கள் இடையில் புகுந்து துகள்களைப் பிரித்துவைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே நனையும். அடுத்து தண்ணீரில் கால் பங்கை மட்டும் ஊற்றிக் குழைக்கவும். இட்லி மாவைவிடக் கெட்டியான, பளபளப்பான பசை வரும். கட்டியை உடைக்க இந்தக் கட்டம்தான் தோது, நீர்த்தபின் முடியாது. மீதித் தண்ணீரை மூன்று தடவையாகச் சேர்க்கலாம்.

மிதமான தீயில் வைத்து அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் குமிழி வந்து நடுவிலும் கொதி வந்தபின் தீயைக் குறைத்து 3 முதல் 5 நிமிடம். கொக்கோவில் கொஞ்சம் மாவுச்சத்து உண்டு. அது வெந்தால்தான் சிரப் ஒன்றுசேர்ந்து நிற்கும். கொதிக்கவிடாமல் இறக்கிய சிரப் மறுநாள் மேலே பாகும் அடியில் வண்டலுமாகப் பிரிவது இதனால்தான். வெப்பமானி இருந்தால் 102–103 டிகிரி செல்சியஸ் போதும். சூட்டில் தண்ணீராகத்தான் தெரியும். இன்னும் கெட்டியாகட்டும் என்று அடுப்பிலேயே விட்டுவிடுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஆறியபின் தானாகவே இறுகும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்து விரலால் கோடு இழுங்கள். கோடு மெதுவாக மூடிக்கொண்டால் பதம் சரி.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் பாத்திரத்தோடு எடை போட்டு, முதலில் குறித்த எடையைக் கழியுங்கள். தொடக்கத்தில் 515 கிராம் இருந்த கலவை 430 கிராமுக்கு வந்தால் நிறுத்திவிடலாம். 390-க்குக் கீழே போனால், ஃபிரிட்ஜ் குளிரில் அந்தத் தண்ணீரால் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துவைக்க முடியாது. சில நாளில் நறநறவென்று பரல் கட்டும். கட்டிவிட்டால் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்.

இறக்கி ஐந்து நிமிடம் கழித்து வெனிலா. கொதிக்கும்போது விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். மெல்லிய வடிகட்டியில் வடித்து ஆறவிடவும். ஏறக்குறைய 340 மி.லி. கிடைக்கும்.

கசப்பு கூடுதலாக வேண்டுமென்றால் சர்க்கரையை 150 கிராமாகக் குறைக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். சர்க்கரையில் பாதியைத் தாண்டிக் கொக்கோ இருந்தால் அது ஊற்றுகிற சிரப்பாக இராது, புட்டிங் ஆகிவிடும், சீக்கிரம் கெட்டும்போகும். கருப்பட்டி நன்றாகவே ஒத்துப்போகும்: தண்ணீரில் கரைத்து மண்ணும் தூசும் போக வடிகட்டியபின் கொக்கோவைக் குழைக்க வேண்டும். கலோரி சர்க்கரைக்குச் சமம்தான், சுவைக்காகச் செய்யலாம். கருப்பட்டிச் சிரப்பைக் கொதிக்கும் பாலில் ஊற்றினால் திரியக்கூடும். பாலை இறக்கிச் சற்று ஆறவிட்டுக் கலக்குங்கள்.

எங்கெல்லாம் ஊற்றலாம்

குளிர்ந்த பாலுக்குச் சிரப்பைப் போல ஏற்றது வேறில்லை. கொக்கோ பவுடர் குளிர்ந்த பாலில் மிதக்கும். சிரப்பில் துகள்கள் முன்பே நனைந்து வெந்திருப்பதால் உடனே கலக்கும். டம்ளரில் 2 டேபிள்ஸ்பூன் சிரப், அதே அளவு பால் விட்டு முதலில் கலக்கி, பிறகு 200 மி.லி. பாலை ஊற்றுங்கள். மொத்தப் பாலிலும் சிரப்பை விட்டால் எடை காரணமாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபில்டர் காபியோடு இதன் சேர்க்கை தனிச் சுகம். கெட்டி டிகாஷன் 40 மி.லி., சிரப் 1 டேபிள்ஸ்பூன், சூடான பால் 150 மி.லி. சிரப்பை டிகாஷனில் கரைத்துவிட்டுத்தான் பால். வேறு சர்க்கரை வேண்டாம். சிக்கரி அதிகமுள்ள தூளாக இருந்தால் கசப்பு இரட்டிப்பாகும், சிரப்பை அரை ஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழைத் தள்ளிவைக்கும் குழந்தைகளுக்கு, 2 டேபிள்ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, பால் சேர்த்து, கடைசியில் 1 டேபிள்ஸ்பூன் சிரப். கேழ்வரகின் கருகிய மணமும் கொக்கோவும் இயல்பாகவே சேரும்.

ஐஸ்கிரீமுக்கு ஃபிரிட்ஜ் குளிரிலேயே ஊற்ற வேண்டும். ஐஸ்கிரீம் மேல் உடைகிற ஓடு மாதிரி வேண்டுமென்றால் சிரப்பால் ஆகாது. அதற்கு 100 கிராம் டார்க் சாக்லேட்டை 25 கிராம் தேங்காய் எண்ணெயோடு உருக்கி ஊற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் ஓடு பிடிக்கிறது. வாழைப்பழம், ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி மீது ஊற்றும்போது பழத்தின் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லையேல் வழுக்கிக் கீழே போகும்.

கேக்கில்தான் கவனம் தேவை. உருக்கிய சாக்லேட்டுக்குப் பதில் அதே அளவு சிரப் போட்டால் கேக் கெட்டியாகவும் பிசுபிசுப்பாகவும் வரும், ஏனென்றால் சிரப்பில் கொக்கோ வெண்ணெய் மிகக் குறைவு, தண்ணீர் இருக்கிறது. மேலே சொன்ன சிரப் 100 கிராமில் 46 கிராம் சர்க்கரை, 17 கிராம் கொக்கோ, 36 கிராம் தண்ணீர். சேர்க்கும் அளவுக்குத் தக்க, செய்முறையிலுள்ள சர்க்கரை, கொக்கோ, பால் மூன்றையும் குறைத்துக்கொண்டால் சரியாக வரும். இயற்கைக் கொக்கோச் சிரப்பின் புளிப்பு சமையல் சோடாவோடு சேர்ந்து கேக்கை உப்பவைக்கும். டச்சு வகையில் அந்தப் புளிப்பு இல்லாததால் பேக்கிங் பவுடர் வேண்டும்.

கிரீம் அடிக்க 35 சதவீதக் கொழுப்புள்ள பால் கிரீம் 200 மி.லி.க்கு 3 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த சிரப். பெட்டியில் வரும் 25 சதவீதக் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. அதை வெதுவெதுப்பாக்கி, 100 மி.லி.க்கு 60 மி.லி. சிரப் கலந்து சாஸாக ஊற்றிக்கொள்ளலாம்.

காரச் சமையலிலும் இதற்கு இடமுண்டு. மெக்சிகோவின் பூவெப்லாவில் மிளகாயும் எள்ளும் கொட்டைகளும் அரைத்துச் செய்யும் மோலே குழம்பில் சாக்லேட் சேர்ப்பது பழைய வழக்கம். நம் அடுப்பில் ராஜ்மா மசாலா இறக்கும்போது, கசப்பு கூடிய சிரப் 1 டீஸ்பூன் விட்டால் தக்காளிப் புளிப்பு அடங்கி, மிளகாயின் காரம் மென்மையாகும். இரண்டு ஸ்பூன் விட்டால் இனிப்பு எட்டிப் பார்க்கும். கிரில் செய்யும் கோழிக்குத் தடவுவதானால் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும். முன்னமே தடவினால் சர்க்கரை கருகிவிடும்.

பத்திரப்படுத்துதல்

வீட்டுச் சிரப்பின் சர்க்கரை அடர்த்தி ஜாம் அளவுக்கு இல்லாததால் வெளியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். ஈரக் கரண்டி ஆகாது. மூடியைத் திறக்கும்போது புளித்த வாடையோ, மேலே குமிழியோ, வெள்ளைத் திட்டோ தெரிந்தால் மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள். அதிகமாகச் செய்துவிட்டால் ஐஸ் டிரேயில் குழிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வீதம் ஊற்றி ஃபிரீசரில் வைக்கலாம். சர்க்கரை காரணமாகக் கல்லாக உறையாது, ஸ்பூனால் நெம்பினால் வந்துவிடும். சூடான பாலில் அப்படியே ஒரு துண்டு போட்டுக் கலக்கினால் போதும்.